ராஜேந்திரனின் சுண்டுவிரல்

அடி அண்ணாமலை ரேஷன் கடையில் காசியம்மாள் தன் இடது கை ஆள்காட்டி விரலை மெஷினில் வைத்ததும், திரையில் ‘ராஜேந்திரன், கீழ்பென்னாத்தூர்’ என்று பெயர் வந்தது. அன்றைக்குப் பாமாயில் வந்திருந்ததால் கூட்டம் ஜாஸ்தி. விற்பனையாளர் பாலாஜி மெஷினைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னான். மறுபடியும் ராஜேந்திரன்தான். “இன்னா யக்கா, ஆம்பளையா மாறிட்டியா?” என்று பின்னால் நின்றவள் கேட்க, வரிசை முழுக்கச் சிரித்தது. காசியம்மாள் சிரிக்கவில்லை. “அவரு எங்க கிட்டார் கிளாஸ்ல கூட வாசிக்கிற கண்டக்டரு. அவரு பேரு எதுக்குடா எனக்கு வருது?” என்றார். சிரிப்பு சட்டென்று நின்றது. கிரிவலப் பாதையில் பூ விற்கும் காசியம்மாள் கிட்டார் கற்றுக்கொள்கிறார் என்பது, மெஷின் செய்த கோளாறைவிடப் பெரிய சேதியாக இருந்தது. அதே வாரம், சிம் கார்டு வாங்கப் போன ராஜேந்திரனின் விரலை வைத்தால் ‘அருணாதேவி’ என்று வந்தது. பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அருணாதேவி காலையில் வருகைப் பதிவுக்கு விரல் வைத்தால் ‘காசியம்மாள்’.

வகுப்பு நடந்தது செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, ராமகிருஷ்ணன் என்பவரின் காபிக் கடை மாடியில். தகரக் கொட்டகை, பிளாஸ்டிக் நாற்காலிகள், எதிரே மறைப்பில்லாமல் மலை. நடத்தியவன் மாறன். பெங்களூரில் ஒரு இசைக் குழுவில் வாசித்துவிட்டு ஊர் திரும்பியவன், முப்பது வயதுகூட ஆகவில்லை. ‘பெரியவர்களுக்கு மட்டும், ஒன்றுமே தெரியாதவர்களுக்கு மட்டும்’ என்று போர்டு எழுதி வைத்தான். ஆறு பேர் வந்தார்கள். அறையைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரம்மா கொடுத்த கிட்டார், பூக்கூடைக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கிறதே என்று வந்தவர் காசியம்மாள். கனடா போன மகன் விட்டுப்போன கிட்டாரைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு வந்தவர் அருணாதேவி. ராஜேந்திரனை அவர் மனைவி வெள்ளையம்மாள் அனுப்பிவைத்தார். ரிட்டயர் ஆன பிறகும் மனிதர் உட்கார்ந்த இடத்தில் கதவைத் தட்டி “ரைட், ரைட்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கைக்கு வேறு வேலை கொடுக்காவிட்டால் கதவு தாங்காது என்றார் அந்த அம்மா. மற்ற மூவரில் ஒருவர் தையல்காரர், ஒருவர் லாட்ஜ் மேனேஜர், ஒருவர் நர்சரிப் பள்ளி டீச்சர்.

கிட்டாரில் சி மேஜர் என்ற சுரக்கூட்டைப் பிடிக்கும்போது மோதிர விரல் ஐந்தாம் தந்தியில் உட்கார வேண்டும். சுண்டுவிரலுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் முப்பது வருடம் ஓடும் பஸ்ஸில் ரூபாய் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து இடது கை விரல் இடுக்கில் செருகியே பழகியவர் ராஜேந்திரன். அவருடைய மோதிர விரலும் சுண்டுவிரலும் பிரியாது. மோதிர விரல் போகும் இடத்துக்குச் சுண்டுவிரலும் கூடவே போய்ப் பக்கத்துத் தந்தியில் விழும். சி மேஜரோடு அழைக்காத விருந்தாளி மாதிரி இன்னொரு சுரமும் சேர்ந்து ஒலிக்கும். “சார், சுண்டுவிரலுக்கு டிக்கெட் இல்ல, இறக்கி விடுங்க” என்பான் மாறன். “ஃபுட்போர்டுலயாச்சும் தொங்கட்டும் மாஸ்டர், பாவம்” என்பார் ராஜேந்திரன். இரண்டாம் மாதம் ஒரு சாயங்காலம், ஆறு பேரும் சேர்ந்து சி மேஜர் வாசித்தபோது ஆறு சுண்டுவிரலும் ஒரே தந்தியில் விழுந்தன. பஸ்ஸையே கண்டால் வாந்தி எடுக்கும் நர்சரி டீச்சருக்கும் கண்டக்டரின் விரல் வந்திருந்தது. கைரேகை கலந்தது அதற்கு அடுத்த வாரம்.

அதன் பிறகு நடந்தவற்றை ஊர் மெல்லப் பழகிக்கொண்டது. ஆறு பேரின் இடது கைகளில் ஒன்று கற்றது மற்றவற்றுக்கும் தெரிந்துவிடும். ராஜேந்திரனின் இடது கை, டிவி பார்த்துக்கொண்டே மல்லிகையை அடுக்கிப் பிடித்து நார் சுற்ற வாகு காட்டியது. தையல்காரர் அளவெடுக்கும்போது அவர் விரல்கள் தானாகவே வாடிக்கையாளரின் நாடியைத் தேடிப் பிடித்தன. அப்படிப் பிடித்து இருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, இருவரும் பிழைத்தார்கள். பயிற்சி ரொம்பச் சுலபமாகிவிட்டது. ஒருவர் வீட்டில் உட்கார்ந்து வாசித்தால் ஆறு கைக்கும் ஏறும். உடனே முறை வைத்துக்கொண்டார்கள். முறையைத் தவறவிட்டவரை மற்ற ஐவரும் போனில் பிடித்துக் காய்ச்சினார்கள். லாட்ஜ் மேனேஜர் ஒரு தடவை சீசன் கூட்டத்தைக் காரணம் சொன்னதற்கு, “உன் ஒருத்தனால என் கை மக்காப் போச்சு” என்று காசியம்மாள் லாட்ஜ் வாசலுக்கே போய்ச் சத்தம் போட்டார்.

பங்குனியில் ராமகிருஷ்ணன் ஒரு குண்டைப் போட்டார். மாடியில் தடுப்புச் சுவர் எழுப்பி வாடகைக்கு ரூம் கட்டப் போகிறார். மாறன் கெஞ்சியதில் ஒரு வழி விட்டார். “சித்ரா பௌர்ணமி அன்னைக்கு ஆளுங்களைக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டு தம்பி. பாட்டு மாதிரி கேட்டுச்சுன்னா மாடி உனக்கு. தகரம் தட்டற மாதிரி கேட்டுச்சுன்னா கொத்தனார் எனக்கு.” அந்த ஒரு தவறான சுரத்தோடு மேடை ஏற முடியாது. மாறன் யோசித்து, காசியம்மாளிடமிருந்தே வாழைநார் வாங்கினான். ஒவ்வொருவர் சுண்டுவிரலையும் உள்ளங்கைக்குள் மடக்கி நாரால் கட்டினான். ராஜேந்திரன் மட்டும் அந்த வாரம் வீட்டில் பேத்தி காதுகுத்து என்று வகுப்புக்கு வரவில்லை. ஐந்து பேரும் கட்டிய விரலோடு வாசித்தார்கள். பிறகு கட்டை அவிழ்த்தும் வாசித்தார்கள். அந்த வியாழக்கிழமை சாயங்காலம், முதல் தடவையாக சி மேஜர் சுத்தமாக ஒலித்தது. மாறன் கண்ணை மூடிக்கொண்டான். அதே சாயங்காலம் கீழ்பென்னாத்தூரில் ராஜேந்திரனின் கையிலிருந்து டீ டம்ளர் நழுவி விழுந்தது. டம்ளரை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை.

பக்கவாதம் என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டர். பேச்சு தப்பித்தது, வலது பக்கம் தப்பித்தது. இடது காலில் பாதிப் பலம்தான் இருந்தது. இடது கையோ அடுத்தவர் வைத்துவிட்டுப் போன பை மாதிரி படுக்கையில் கிடந்தது. அருணாதேவி ட்யூட்டி முடிந்ததும் வந்து அந்தக் கையில் நாடி பார்ப்பார். நாடி இருந்தது, அசைவு இல்லை. “லெஃப்ட் சைடு வண்டி பிரேக்டவுன் சிஸ்டர், டிப்போல சொல்லியாச்சு” என்று ராஜேந்திரன் சிரித்தார். வெள்ளையம்மாள் வராந்தாவுக்கு வந்து முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கை இல்லாமல் இவர் சட்டைப் பட்டன்கூடப் போட மாட்டார், பட்டன் போடாத மனிதர் வெளியே வர மாட்டார், வெளியே வராத மனிதர் ரொம்ப நாள் இருக்க மாட்டார் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை காசியம்மாள் ரேஷன் கடைக்குப் போனார். விரலை வைத்தார். திரையில் ‘காசியம்மாள், அடி அண்ணாமலை’ என்று வந்தது. பாலாஜி கையைத் தட்டினான். “யக்கா, ரிப்பேர் சரியாயிடுச்சு! உன் பேரே வருது பாரு!” காசியம்மாள் திரையைப் பார்த்தார். தன் பெயரைப் பார்த்து அந்த அளவுக்கு யாரும் பயந்ததில்லை. அரிசிப் பையை அங்கேயே போட்டுவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து நேராகக் காபிக் கடை மாடிக்கு வந்தார். “மாஸ்டர், அவரு கை நம்ம கையவிட்டுப் போயிடுச்சு. நாமதான் கட்டி வச்சு அனுப்பிட்டோம்” என்றார்.

மாறன் நம்பவில்லை. நம்பாமலே மற்ற மூன்று பேரையும் வரவழைத்தான். அருணாதேவி ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாடியில் நாலு பேர் சுத்தமாக ஒரு சி மேஜர் வாசித்தார்கள். ஒன்றுமில்லை. “பழைய மாதிரி வாசிங்க” என்றார் காசியம்மாள். ஒரு வாரம் அடக்கி வைத்திருந்த சுண்டுவிரல்கள் தயங்கித் தயங்கித் தந்தியில் விழுந்தன. அழைக்காத விருந்தாளி உள்ளே வந்தது. போனில் வெள்ளையம்மாளின் குரல் வெடித்தது. “இன்னொரு தபா! இன்னொரு தபா வாசிங்கம்மா, விரல் ஆடுது!”

அன்றிலிருந்து தினமும் தப்பாக வாசித்தார்கள். ராஜேந்திரன் வீடு திரும்பினார். சுண்டுவிரல் வந்தது, பிறகு மோதிர விரல் வந்தது, பிறகு ஸ்பூனைப் பிடிக்கும் அளவுக்குக் கை வந்தது. சித்ரா பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒத்திகைக்காக ஒரே ஒரு நாள் வாழைநாரைக் கட்டிப் பார்த்தார்கள். கீழ்பென்னாத்தூரில் ஸ்பூன் கீழே விழுந்தது. விரலுக்கு இரண்டு வழி தெரியாது என்பது அத்துடன் உறுதியாகிவிட்டது. “புரோகிராம் அன்னிக்கு ஒரு மணி நேரம் மட்டும் கட்டிக்கிட்டா?” என்று லாட்ஜ் மேனேஜர் இழுத்தார். “அந்த ஒரு மணி நேரத்துல போன கை திரும்பி வருமான்னு எழுதித் தர்றியா?” என்றார் அருணாதேவி. எல்லோரும் மாறனைப் பார்த்தார்கள். மாடி போனால் வகுப்பு போகும். வகுப்பு போனால் அவனும் பெங்களூருக்குப் போக வேண்டியதுதான். அங்கேயும் அவனுக்காக யாரும் காத்திருக்கவில்லை. அவன் வாழைநாரைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான்.

பௌர்ணமி சாயங்காலம் செங்கம் ரோட்டில் மனித வெள்ளம். மலையை வலப்பக்கம் வைத்து நடக்கிறவர்கள் என்பதால் அத்தனை பேரின் இடது கையும் மாடியின் பக்கம் இருந்தது. கடைப் பையன்கள் இருவர் ராஜேந்திரனை நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். மடியில் கிட்டார், சட்டையில் எல்லாப் பட்டனும் மாட்டியிருந்தது. ராமகிருஷ்ணன் முன் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கொத்தனாரையும் கூட்டி வந்திருந்தார். மாறன் மேடையில் உட்கார்ந்தான். பாக்கெட்டிலிருந்து வாழைநாரை எடுத்தான். ஐந்து பேரும் இடது கையைக் கிட்டாருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். அவன் நாரைப் பிரித்து, தன் இடது கை மோதிர விரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து வைத்து, பல்லால் இழுத்துக் கட்டிக்கொண்டான். “தப்பாவே போலாம்” என்றான்.

ஆறு கைகள் இறங்கின. தப்பான சி மேஜர் எழுந்து மாடியைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. ரோட்டில் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை கூச்சலும் அடங்கியது. எட்டிப் பார்த்தவர்கள் சொல்வது இதுதான்: நடந்துகொண்டிருந்தவர்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள், ஆனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒவ்வொருவர் இடது கையிலும் சுண்டுவிரல் மோதிர விரலோடு போய்ச் சேர்ந்துகொண்டது. கைக்குழந்தைகளுக்கும் சேர்ந்தது. சுண்டல் மடித்துக்கொண்டிருந்தவனுக்குச் சேர்ந்து, பொட்டலம் முன்னெப்போதும் இல்லாத அழகோடு மடிந்தது. யாரும் அதைக் குனிந்து பார்க்கவில்லை. லட்சம் பேர் ஒரே விரலோடு மலையைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நிலா மேலே வந்தது. மாடியில் ராஜேந்திரனின் இடது கை மடியிலிருந்து எழுந்தது. அவசரப்படவில்லை. நிறுத்தத்தில் ஏறும் வயசாளியைப் போல ஒவ்வொரு படியாக ஏறி, கிட்டாரின் கழுத்தைப் பிடித்தது. மோதிர விரல் ஐந்தாம் தந்தியில் உட்கார்ந்தது. சுண்டுவிரல் கூடவே உட்கார்ந்தது. ஏழாவதாக ஒரு சி மேஜர் கேட்டது. வெள்ளையம்மாள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். ராஜேந்திரன் மாறனைப் பார்த்து, கனைத்துக்கொண்டு, “ரைட், போலாம்” என்றார். பாட்டு ஆரம்பமானது.

ராமகிருஷ்ணன் இறங்கும்போது தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினார். கொத்தனார் மட்டும் மாறனிடம் வந்து, வகுப்பில் சேர இன்னா செய்யணும் என்று கேட்டார்.

மூன்று வருடமாகிறது. மாடி வகுப்பில் இப்போது நாற்காலி பற்றவில்லை, படிக்கட்டிலும் உட்காருகிறார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு கிட்டார்காரர் அவர்கள் சி மேஜரில் ஒரு சுரம் கூடுதல் என்று எடுத்துச் சொன்னார்; அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். பாலாஜி யார் பெயர் வந்தாலும் பார்ப்பதில்லை, யார் வந்து நிற்கிறாரோ அவர் கணக்கில் போட்டுவிடுகிறான். போன மாதம் ராஜேந்திரன் அந்தப் பக்கம் நடந்து போனவர், சும்மா விரலை வைத்துப் பார்த்தார். ‘காசியம்மாள்’ என்று வந்தது. காசியம்மாளுக்கே கொடுப்பதாகச் சொல்லி அவர் பங்கு அரிசியை வாங்கி இடது தோளில் போட்டுக்கொண்டு போய்ப் பூக்கடையில் இறக்கினார். காசியம்மாள் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “பாமாயில் எங்க? அதையும் வாங்கியாறத் தெரியாதா?” என்றார்.