இரட்டை காட்டாத கல்

அந்தக் கல்லை எழுத்தின் மேல் வைத்தால் ஒவ்வொரு எழுத்தும் இரண்டாகத் தெரியும். உடுவிலில் பக்கத்து வளவுக் கிணற்றை ஆழமாக்கியபோது, சுண்ணாம்புப் பாறையின் பொந்து ஒன்றிலிருந்து வந்த கால்சைட் படிகம். நிவேதனாவின் கண்ணாடி அலுமாரியில் காசு கொடுத்து வாங்கிய ஊதாக் கற்களும் இருந்தன. என்றாலும் அவள் கண் முதலில் போவது இதன்மேல்தான்.

சனிக்கிழமை காலை பத்திரிகையை விரித்து அதன்மேல் கல்லை வைத்தாள். எழுத்து இரண்டாகவில்லை. ஒன்றாகக்கூடத் தெரியவில்லை. மூச்சுப் பட்ட கண்ணாடிபோல் கல் மங்கியிருந்தது. கூரான விளிம்புகள் சூப்பிய இனிப்புப்போல் மழுங்கியிருந்தன.

இது வேறு கல்.

படம் எடுக்கவென்று ஜெறோம் அதைக் கொண்டுபோய் வியாழக்கிழமைதான் திருப்பித் தந்திருந்தான். குருநகர்ப் பெடியன். யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவில் வேலை, அவளைப் போலவே கல்லுப் பைத்தியம். அடுத்த மாதம் இருவரின் கற்களையும் ஒரே மண்டபத்தில் காட்சிக்கு வைப்பதாக இருந்தது. அதற்குப் பிறகு பேசவேண்டிய இன்னொன்றை இருவரும் பேசாமலே வைத்திருந்தார்கள்.

அம்மா மீனாம்பிகை கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"உவன் மாத்திப்போட்டான் பிள்ளை. ஆர் எவர் எண்டு தெரியாமல் வீட்டுக்குள்ளை விட்டால் உப்பிடித்தான்."

நிவேதனா அம்மாவோடு சண்டை பிடித்தாள். ஆனால் ஜெறோம் வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது அம்மாவின் குரல்தான் கூடவே வந்தது. திருப்பித் தந்த அன்று அவன் ஏன் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனான்? பஞ்சில் சுற்றித் தந்த கல்லை அவள் ஏன் அப்போதே பிரித்துப் பார்க்கவில்லை?

ஜெறோமின் அலுமாரியில் நடுத்தட்டில், விளக்குக்கு நேர் கீழே, தெளிவான கால்சைட் படிகம் ஒன்று இருந்தது. முன்பு அங்கே அவள் அதைக் கண்டதில்லை. காட்சியைப் பற்றிக் கதைத்தபடியே அதை எடுத்துப் பஸ் ரிக்கற்றின் மேல் வைத்தாள். எழுத்துகள் இரண்டிரண்டாக எழும்பின.

எங்கே கிடைத்தது என்று கேட்டாள். புத்தளத்துச் சிநேகிதன் ஒருவன் அனுப்பியது என்றான். யோசிக்காமல் வந்த பதில். அதுவே அவளுக்குப் பிழையாகப் பட்டது. கைப்பையிலிருந்து மங்கிய கல்லை எடுத்து மேசையில் வைத்தாள்.

"நீர் எனக்குத் தந்தது இதுதானோ?"

அவன் கல்லையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. கல்லைத் தண்ணீரில் நனைத்தான். ஈரம் பட்டதும் மங்கல் கொஞ்சம் விலகி, உள்ளே இறகுபோல் ஒரு வெடிப்புத் தெரிந்தது. தான் எடுத்த படத்தைப் போனில் காட்டினான். அதே இறகு, அதே சாய்வு.

"கல் உம்மடைதான். ஆரோ புளிப்பிலை போட்டிருக்கினம். கால்சைட் புளிப்பிலை கரையும்."

புளி. வெள்ளிக்கிழமைக்கு அம்மா விளக்குகள் மினுக்குவது அதில்தான். நிவேதனா உடனே வீட்டுக்கு அழைத்தாள். அம்மா போனில் கதைத்தால் அடுத்த அறைக்கும் கேட்கும்.

"ஓம், குத்துவிளக்கோடை சேத்துப் புளியிலை ஊறப்போட்டனான். பின்னை? மாடு தின்னுற வீட்டிலை கிடந்து வந்த கல்லை அப்பிடியே சாமியறைக்குப் பக்கத்திலை வைக்கிறதே?"

அழைப்பை நிறுத்த அவளுக்குப் பொத்தான் அகப்படவில்லை. அகப்பட்டபோது ஜெறோமுக்கு எல்லாம் கேட்டு முடிந்திருந்தது.

அவள் ஏதோ சொல்லத் தொடங்கினாள். ஜெறோம் கேட்கவில்லை. அலுமாரிக்குக் கீழே இருந்த லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்துத் திறந்து வைத்தான். பஞ்சுக்குள் கற்கள் சிறு குஞ்சுகள்போல் கிடந்தன.

"எல்லாத்தையும் பாத்திட்டுப் போம். வீட்டை போய்ப் பிறகு யோசிக்கக் கூடாது."

சொல்லிவிட்டு வெளியே முற்றத்துக்குப் போய், முதுகைக் காட்டியபடி நின்றான்.

அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு லாச்சிகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள். மரத்தோடு மரம் உரசும் அந்தச் சத்தம் வெளியே நின்றவனுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து மூடுவதுபோல் கேட்டிருக்கும் என்பது, கடைசி லாச்சியை மூடிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.