டப்பாவில் மீதி எத்தனை

ரத்த அணுக்களை எண்ணுவதுதான் அவன் பிழைப்பு. ஆய்வகத்தில் எல்லோரும் அவனைக் 'கணக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். கர்ப்பிணிகளுக்கு வைட்டமின் டி கொடுத்தால், பிறக்கும் குழந்தையின் நோய் எதிர்ப்பு அணுக்களில் அழற்சி அடங்குமா என்பது அங்கே நடக்கும் ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும்.

பெண்டாட்டியையும் அதில் சேர்த்துவிட்ட புண்ணியவான் அவன்தான். இப்போது, பிறந்து மூன்றே நாளான மகள் கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குத் தவிக்கிறாள். உடம்பெல்லாம் அழற்சி. காலையில் அவள் ரத்தத்தை அவனே எண்ணினான். எண்ணிக்கை எகிறிக் கிடந்தது.

நேராகத் தலைமை மருத்துவரம்மாவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றான்.

"உறையைப் பிரிங்கம்மா. மாவைத் தின்ன வச்சுட்டேனோன்னு நெஞ்சு அடிச்சுக்குது."

"பிரிச்சாலும் வைத்தியம் மாறாதுப்பா."

"தெரியும்மா. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

அந்தம்மா உறையைக் கிழித்தார். நிஜ மாத்திரை.

குழந்தையே பிழைத்துவிட்டதுபோலப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினான். பெட்டியருகே உட்கார்ந்திருந்த மனைவியிடம் மூச்சிரைக்கச் சொன்னான். "உனக்கு வந்தது நிஜ மருந்துதான்டி! நம்ம மேல தப்பில்ல."

அவள் முகம் வெளிறியது.

"நான் அதை முழுங்கவே இல்லீங்க. வாயில வச்சாலே குமட்டும். தினமும் ஒண்ணை எடுத்துப் பூந்தொட்டியில போட்டுடுவேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"வீட்டுக்குள்ள வந்ததும் டப்பாவில மீதி எத்தனைன்னுதான் கேப்பீங்க. கணக்கு சரியா இருந்தா உங்களுக்குச் சந்தோஷம். நான் எப்படி இருக்கேன்னு என்னைக்காவது கேட்டீங்களா?"

கோபம் வரும் என்று பார்த்தான். வரவில்லை. கண்ணுக்கே தெரியாத அணுவையெல்லாம் எண்ணியவனுக்கு, வாந்தி எடுத்துத் துவண்டு கிடந்தவள் கண்ணில் படவில்லையே! இந்த லட்சணத்தில், 'ஒழுங்காகச் சாப்பிட்டார்' என்று படிவத்தில் மாதாமாதம் கையெழுத்து வேறு போட்டிருந்தான்.

நர்ஸ் வந்து மகளின் ரத்தம் நிரப்பிய சின்னக் கண்ணாடிக் குழாயை நீட்டினார். "மத்தியான சாம்பிள் சார். கீழே லேப்ல எண்ண உங்களை விட்டா ஆள் இல்லையாம்."

வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பி வந்தான்.

"உனக்கு இப்போ எப்படி இருக்கு?"

"பயமா இருக்கு."

"எனக்கும்தான்," என்றான். குழாய் உள்ளங்கையில் இன்னும் சூடாக இருந்தது. அது ஆறுவதற்குள் கீழே போயாக வேண்டும்.