கேப்டன் ருத்ரன் கையில் மிஞ்சிய கயிறு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது திருட்டுக் கதை. திருடியது என் நண்பன் லூர்துவிடமிருந்து. ராயபுரத்தில் எனக்கு அடுத்த வீடு, விசைப்படகு ஓட்டுகிறான். நான் தொலைக்காட்சிக்கு விண்வெளித் தொடர் எழுதுகிறேன். சிரிக்காதீர்கள், வெள்ளிக்கிழமையானால் காசிமேடே அதைத்தான் பார்க்கிறது.

ஆறு வருடத்துக்கு முன், காட்டுப்பள்ளிக்கு அப்பால், தாமோதரனின் படகு இன்ஜின் நின்றுபோனது. நின்ற படகைக் கண்டவன் கயிறு கட்டி இழுத்து வரவேண்டும் என்பது கடலில் வழக்கம். லூர்து கட்டினான். தாமோதரனின் ஆட்களையும் தன் படகில் ஏற்றிக்கொண்டான். சுக்கான் பிடிக்க அவர் மட்டும் அங்கேயே நின்றார். கடல் பொங்கியது. கயிறு தானாக அறுந்துவிட்டது என்று லூர்துவும் மற்ற எட்டுப் பேரும் கரையில் சொன்னார்கள். தாமோதரன் திரும்பவில்லை.

போன வருடம் லூர்து என்னிடம் வேறு மாதிரி சொன்னான். "நான்தான் கயித்துல கத்தி போட்டேன் மாமு. இல்லாங்காட்டி ரெண்டு போட்டும் முழுவியிருக்கும். திரும்பிக்கூடப் பாக்கல. மிஞ்சின ஒரு மொழத்தையும் கடல்ல வீசிட்டேன்."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்தேன். [சொல்லவில்லையே. எழுதினேன்.]

2

தொடரில் காட்டுப்பள்ளி சனி கிரகமானது, படகு விண்கலமானது, லூர்து கேப்டன் ருத்ரனானான். என் முதல் வரைவு இது:

"கத்தியை எடுத்தபோது ருத்ரனின் கை—"

சேனல்காரர்கள் அங்கேயே நிறுத்திவிட்டார்கள். "ஹீரோ எப்படி சார் கூட இருந்தவனைக் கைவிடுவான்? தானா அறுந்துடுச்சுன்னு போட்டுடுங்க."

போட்டுவிட்டேன்.

(அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: விண்வெளித் தொடர் நாயகர்கள் ஒரு கிரகத்தையே கொளுத்திவிட்டு, அடுத்த வாரம் இஸ்திரி கலையாத சட்டையோடு வந்து நிற்பார்கள். செய்தது சரியா தப்பா என்று நாம் கேட்பதற்குள் விளம்பரம் வந்துவிடும். லூர்துவுக்கு விளம்பர இடைவேளை கிடையாது. தாமோதரனின் மனைவி பச்சையம்மா மீன் விற்கும் தெருமுனையைத் தவிர்க்க, ஆறு வருடமாகச் சுற்றுவழியில்தான் போகிறான்.)

3

எங்கள் கலை இலாகா சிக்கனமானது. விண்கலத்தை இழுக்கக் காசிமேட்டிலேயே நைலான் கயிறு வாங்கி வெள்ளிப் பூச்சு அடித்தார்கள். "அறுந்த" முனையைப் பிடித்துக்கொண்டு ருத்ரன் கதறி அழுதார்.

ஒளிபரப்பான மறுநாள் மீன் ஏலக்கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. தானாக அறுந்த கயிறு துடைப்பம் மாதிரி பிரிந்து கிடக்கும். இதுவோ கேக் வெட்டியதுபோல் சீராக இருந்தது. படப்பிடிப்பில் நாற்பது பேர் இருந்தோம், ஒரு புத்திசாலிக்கும் தெரியவில்லை.

"கேப்டன் புளுகுறான்டி," என்று பச்சையம்மாவும் சிரித்தாளாம். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டாளாம்.

லூர்து ஓடிவந்தான். "பேஜாராப் பூட்ச்சு மாமு. ஏலத்துல பச்சையம்மாக்கா என்னியே பாத்துகினு கீது. எதுனா மிருகம் கடிச்சுதுன்னு எழுதேன்."

எழுதினேன். விண்சுறா. வெட்கமாகத்தான் இருக்கிறது.

4

[இந்தப் பகுதியை எழுதவே நான் விரும்பவில்லை.]

இன்று காலை பச்சையம்மா வந்தாள். கூடையை வாசலில் இறக்கினாள்.

"கடிச்சா பல்லுத் தடம் இருக்கும் ரைட்டரு. இன்னா எழுதிகினுகீற நீ?"

டீ கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை.

"காட்டுப்பள்ளிய சனி கிரகமாக்கிட்டா எனக்குத் தெரியாதா? கயித்துல கத்தி பட்டுதுன்னு புரிஞ்சுபோச்சு. அத்தக் கேக்க வரல. எந்தப் பக்கம் பட்டுது?"

"இன்னாக்கா சொல்ற?"

"எங்க ஊட்டுக்காரு இடுப்புலயும் கத்தி இருந்துச்சு. ஒம்போது பேரு முழுவுறதப் பாத்துகினு சும்மா நிக்கிற ஆளு இல்ல அவுரு. அவுரு வெட்டியிருந்தா மொத்தக் கயிறும் லூர்து போட்டோட வந்திருக்கும். லூர்து வெட்டியிருந்தா துண்டுதான் மிஞ்சும். எவ்ளோ மிஞ்சுச்சு? உன்னாண்ட சொல்லியிருப்பான்."

ஆறு வருடமாக மீன் வெட்டிக்கொண்டே இவள் எதை நினைத்துக்கொண்டிருந்தாள் என்று இப்போதுதான் தெரிகிறது.

5

முடிவு அ: "ஒரு மொழந்தான்க்கா." உண்மை. அவள் கணவரை இன்னொரு முறை சாகடித்துவிட்டு, லூர்துவையும் கையோடு காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

முடிவு ஆ: "மொத்தக் கயிறும்." தாமோதரன் நாயகன் ஆவார். லூர்து நேர்வழியில் வீட்டுக்குப் போவான். அவள் ஆசைதீர அழுவாள். எல்லாருக்கும் நல்லது, பொய் என்பது ஒன்றுதான் இடிக்கிறது. சேனல்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் எடுப்பார்கள் என்பதும் இடிக்கிறது.

முடிவு இ: விண்சுறா. வேண்டாம், விடுங்கள்.

[இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த நேரம் தாமோதரனும் கத்தியை உருவியிருந்தாரா? இருக்கலாம். லூர்துதான் திரும்பிப் பார்க்கவில்லையே.]

பச்சையம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். இரண்டு கையையும் கொஞ்சம் விலக்கிக் காட்டுகிறாள். "இவ்ளோவா?" பிறகு முடிந்தமட்டும் விரிக்கிறாள். "இல்ல, இவ்ளோவா?"

நான் வாயைத் திறந்தால் கதைதான் விடுவேன் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரு முழம் என்பது இப்போது உங்களுக்கும் தெரியும். படகில் இருந்தவர்கள் ஒன்பது பேர், நான் பத்தாவது, நீங்கள் பதினொன்று.

கை விரித்தபடியே நிற்கிறாள். சொல்லுங்கள்.