சின்னிக்குக் காது கேட்கும்

"நம்ம நாய்க் கண்காட்சியோட முதல் பெண் நடுவர், பிரிஸ்கில்லா மேடம்" என்று மெல்வின் மைக்கில் அறிவித்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானம் கைதட்டியது. பிரிஸ்கில்லாவின் கண் வரிசையின் கடைசியில் நின்றது. அங்கே ராணா என்ற வெள்ளை நாய். அதன் சங்கிலியைப் பிடித்தபடி ராஜபாளையம் சிவபாண்டி.

சில வருஷத்துக்கு முன்னால், அன்றும் இதே மைதானம்தான். நாயோடு வளையத்துக்குள் இறங்கிய முதல் பெண் அவள். நடுவர், சிவபாண்டி.

"ஏட்டி, கோலம் போட வந்தியா, நாய் காட்ட வந்தியா?"

கூட்டம் சிரித்தது. அவர் அவளுடைய வெள்ளை நாய் சின்னியின் பின்னால் போய் ஒரு தடவை கைதட்டினார். சின்னி அசையவில்லை.

"செவிடு. வெளிய கொண்டு போ."

சுத்த வெள்ளை நாய்களில் செவிடு சகஜம் என்பதால் எல்லோரும் நம்பினார்கள்.

"அண்ணாச்சி, எங்க ஊரு தேவதானத்துல களவாணிப் பயலுவ தோப்பு நாயைக் கைதட்டித்தான் கூட்டிட்டுப் போறானுவ. அதனால அடுத்தவன் தட்டுனா திரும்பாம பழக்கியிருக்கேன். நான் கூப்பிட்டா திரும்பும். ஒரே ஒரு தடவை கூப்பிட விடுங்க."

"ரெண்டாவது தடவை கிடையாது."

அதன் பிறகு சின்னியின் குட்டிகளை ஒருத்தரும் சீண்டவில்லை. பிரிஸ்கில்லா சென்னை போய்ப் படித்து நடுவரானாள். இந்தக் காலைக்காகத்தான்.

ராணாவின் பல், கால், நடை பார்த்தாள். குறையே இல்லை. கோப்பை இதற்குத்தான் என்று கூட்டமே முடிவு கட்டியிருந்தது. அவள் மெதுவாக அதன் பின்னால் போனாள். கைதட்டினாள்.

ராணா திரும்பவில்லை.

"செவிடு" என்றாள் பிரிஸ்கில்லா. "வெளிய கொண்டு போங்க."

சிவபாண்டிக்கு வேர்த்துவிட்டது. சிநேகித நடுவர்கள் யாரும் இத்தனை வருஷத்தில் அவர் நாயின் பின்னால் கைதட்டியதில்லை.

"மேடம், இவன் செவிடு இல்ல. ரெண்டு குட்டி களவு போன பொறவு, அடுத்தவன் தட்டுனா திரும்பக் கூடாதுன்னு பழக்கியிருக்கேன். நான் கூப்பிடுதேன், பாருங்க."

"ரெண்டாவது தடவை உண்டா அண்ணாச்சி?"

 பிரிஸ்கில்லா மெல்வினிடமிருந்து மைக்கை வாங்கி நீட்டினாள்.

"உண்டுன்னா, அன்னைக்கு சின்னிக்கும் உண்டு. அதை இதுல சொல்லுங்க. இல்லாட்டி கேட் அந்தப் பக்கம்."

சிவபாண்டி கூட்டத்தைப் பார்த்தார். அவரிடம் குட்டி வாங்கியவர்கள்தான் பாதிப் பேர். செவிடன் என்று பேராகிவிட்டால் ராணாவின் குட்டியையும் ஒருத்தன் தொடமாட்டான். மைக்கை வாங்கினார்.

"சின்னி... சின்னி செவிடு இல்ல. எனக்கு அன்னைக்கே தெரியும். ஒரு பொம்பள கோப்பையைத் தூக்கிட்டுப் போறதை என்னால பாத்துட்டு நிக்க முடியல."

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"இப்போ கூப்பிடுங்க."

"ராணா."

நாய் சட்டென்று திரும்பியது. பிரிஸ்கில்லா கோப்பையை எடுத்து அதன் காலடியில் வைத்தாள். சிவபாண்டி குனிந்துதான் எடுக்க வேண்டியிருந்தது.

"திருப்திதானே?" என்றார், தலை நிமிராமல்.

"சின்னி போன தை மாசம் செத்துட்டா அண்ணாச்சி. இப்போ நீங்க சொன்னது அவளுக்குக் கேக்காது."

மைக்கை மெல்வினிடம் கொடுத்தாள். "அடுத்த பிரிவைக் கூப்பிடுங்க."