சாவி என் கையில்

ஏலாக்குறிச்சியில் கிளம்பும்போதே என் வீட்டுக்காரர் அருள் பிரகாஷ் நிபந்தனை போட்டுவிட்டார். பூம்புகார், தரங்கம்பாடி பார்த்துவிட்டு, கடலோர ரோட்டிலேயே வேளாங்கண்ணி வரைக்கும் நான்தான் ஓட்ட வேண்டும். வழியில் ஒரு தடவைகூட அவர் கையில் சாவியைக் கொடுக்கக் கூடாது. கொடுக்காமல் போய்ச் சேர்ந்தால் திங்கட்கிழமையிலிருந்து கார் எனக்கு. கொடுத்தால் பழையபடி ரெண்டு பஸ் மாறி, கூட்டத்தில் நசுங்கி, அரியலூர் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்த வேண்டியதுதான். லைசென்ஸ் வாங்கி வருஷமாகியும் என்னைத் தெருமுனை தாண்ட விடாத மனுஷன் அவர். எப்படியும் நான் தோற்றுவிடுவேன் என்ற தைரியத்தில்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சரிங்க" என்று மட்டும் சொல்லி வண்டியை எடுத்தேன்.

பின் சீட்டில் மாமியார் விண்ணரசி, ஒரு தூக்கு நிறையப் புளிசோறு, உட்கார்ந்து சாப்பிட ரெண்டு கோரைப்பாய்.

பூம்புகாரில் கடலைப் பார்த்துக்கொண்டே, "பழைய ஊரு இந்தத் தண்ணிக்கு அடியிலதான் கெடக்குதாம் அத்தை" என்றேன்.

"மொதல்ல நம்ம காரு ரோட்டு மேல கெடக்கட்டும்" என்றார் அவர். வாயில் நல்லதே வராது.

எங்கள் ஊர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓயாமல் ஓடும். பின்னால் ஹாரன் கேட்டால் போதும், சைக்கிளோ காரோ, எல்லோரும் தார் ரோட்டை விட்டு இறங்கி வழிவிட்டுவிடுவோம். ஓரம் இறுகிக் கிடப்பதால் பயமில்லை. தரங்கம்பாடிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மீன் லாரி ஹாரன் அடித்ததும் என் கை அதே பழக்கத்தில் ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டது. இறங்கிய இடம் கடற்கரை மணல். முன்சக்கரம் ரெண்டும் புதைந்துபோயின. ஆக்சிலேட்டரை மிதித்தேன், இன்னும் உள்ளே போனது.

"போதும் ஒன் வீரம். குடு சாவிய" என்று கையை நீட்டினார்.

அந்தக் கையைப் பார்த்ததும் கோபம் வந்தது. இறங்கி, ரெண்டு கையாலும் மணலைத் தோண்டினேன். சக்கரத்துக்கு ஒன்றாக ரெண்டு பாயையும் பின்னால் செருகினேன்.

"முன்னால போயித் தள்ளுங்க" என்றேன்.

"நானா?"

"சாவி என்கிட்டதான இருக்கு."

"தள்ளுடா அருளு" என்றார் மாமியார், இறங்கி நின்று முந்தானையைச் செருகிக்கொண்டே.

ரிவர்ஸ் போட்டு மெதுவாக மிதித்தேன். சக்கரம் வாரியடித்த மணலெல்லாம் அவர் சட்டையில். பாயைப் பிடித்துக்கொண்டு வண்டி பின்னால் ஏறித் தாரில் நின்றது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரன் கட்டிய கோட்டை முன்னால் அவர் மணலை உதறிக்கொண்டிருந்தார். "தண்ணி பாட்டில் எடுக்கணும், சாவி குடு" என்றார். அந்த ஜம்பமெல்லாம் என்னிடம் பலிக்குமா? நானே போய் எடுத்து வந்தேன்.

நாகப்பட்டினம் நெருங்கும்போது பின்னால் இன்னொரு லாரி காது கிழிய ஹாரன் அடித்தது. "ஒதுங்கு, ஒதுங்கு" என்று அவர் இல்லாத பிரேக்கை மிதித்தார். நான் தாரை விட்டு இறங்கவில்லை. லாரி கொஞ்ச தூரம் பொறுத்து வந்து, எதிரில் வண்டி இல்லாதபோது தானாகத் தாண்டிப் போனது.

வேளாங்கண்ணிக் கோயில் கோபுரம் தெரிந்ததும் மாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். வண்டியை நிறுத்திச் சாவியைக் கைப்பையில் போட்டேன். என் வீட்டுக்காரர் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"பிரியா, திங்கக்கெழம போறப்ப என்னையும் வழியில திருமானூர்ல வேலைக்கு எறக்கி விட்டுருவியா?"

"ஏழரைக்கெல்லாம் வாசல்ல ரெடியா நிக்கணும். ஹாரன் அடிக்க மாட்டேன்" என்றேன்.