டோக்கனில் உள்ளபடி

அன்று காலை பத்தரை மணிக்கு முப்பத்தேழு சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். ஒன்பதே முக்காலுக்கு அவள் சாட்சிகள் அறையில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். எதிரே வக்கீலம்மா. சுவரோரமாகக் குமாஸ்தா, மடியில் நான்கு ஃபைல்களோடு.

முப்பத்தேழு என்பது அவள் வயதல்ல, வரிசை எண். சாயப்பொடி ஆலையின் மேல் வழக்குப் போட்ட முன்னூற்றுப் பன்னிரண்டு பேரில் அவள் முப்பத்தேழாவது ஆள். அத்தனை பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஆபீஸ் சந்தைக்கடையாகிவிடும் என்று வக்கீலம்மாதான் எண் போட்டாள். டாக்டர் அறிக்கையில் எண், ஃபைலின் முதுகில் எண், போனில் எண். முப்பத்தேழும் இப்போதெல்லாம் போனை எடுத்தால் "மேடம், முப்பத்தேழு பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பாள்.

முன்னூற்றுப் பன்னிரண்டு பேரையும் விசாரிக்க என் ஆயுசு போதாது, மாதிரிக்கு ஐந்து பேரைக் கொண்டுவாருங்கள் என்று நீதிபதி சொல்லிவிட்டார். அந்த ஐந்து பேர் கதை எப்படியோ, மற்றவர்கள் கதையும் அப்படித்தான். ஐந்தில் இரண்டு பேர் மூச்சுத் திணறியே செத்துப்போனார்கள். இரண்டு பேரை ஆலை சமாதானம் பேசி வாயடைத்துவிட்டது. மிச்சம் இவள் ஒருத்தி. இவள் நின்றால் எல்லோரும் நிற்பார்கள். இவள் விழுந்தால் எல்லோரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வக்கீலம்மா ஒன்றும் பிறக்கும்போதே ஏழைபங்காளியாகப் பிறந்தவளில்லை. ஒன்பது வருஷம் கம்பெனியும் கம்பெனியும் அடித்துக்கொள்ளும் வழக்குகளில் ஊறியவள். சிமென்ட் ஏன் தாமதமாக வந்தது, கப்பல் ஏன் துறைமுகத்தில் நின்றது, ஒப்பந்தத்தில் பதினாலாவது ஷரத்துக்கு என்ன அர்த்தம், இதுதான் பிழைப்பு. அங்கே காகிதத்தோடு காகிதம் பொருந்தினால் போதும். மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே கிடையாது. அப்போது அவளுக்கு சீனியராக இருந்தவர்தான் இன்று ஆலையின் வக்கீல். எந்த வெயிலிலும் வேர்க்காத ஆள் என்பதால் ஜூனியர்கள் அவருக்கு ஐஸ்கட்டி என்று பேர் வைத்திருந்தார்கள். வைத்ததே இவள்தான்.

அன்று ஒன்பது மணிக்குத்தான் ஐஸ்கட்டி கடைசிக் கட்டு காகிதத்தை அனுப்பியிருந்தார். அறுநூறு பக்கம். ஆற அமரப் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது, அதற்குத்தான் அந்த நேரம். வக்கீலம்மாவும் ஒரு காலத்தில் அவருக்காக இப்படிக் கட்டுகள் தயார் செய்தவள். முன்னால் கேன்டீன் ரசீது, பின்னால் மராமத்துப் பட்டியல், விஷயம் எப்போதும் நடுவில். அதனால் நடுவிலிருந்து புரட்டினாள். முன்னூற்றுப் பதினோராம் பக்கத்தில் ஆலை வாசலில் காட்டும் டோக்கனுக்கான, பதினோரு வருஷத்துக்கு முந்தைய விண்ணப்பம் இருந்தது. மூலையில் ஒரு போட்டோ.

"இது நீங்க வேலைக்குச் சேர்ந்தப்ப குடுத்ததுதானேம்மா?" என்று காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள்.

முப்பத்தேழு குனிந்து பார்த்தாள். பாட்டில் மூடி கீழே விழுந்து உருண்டது.

"இது நான் இல்ல மேடம்."

"ஜெராக்ஸ் மங்கல். நல்லாப் பாருங்க."

"நல்லாத்தான் பாக்கறேன். இது எங்க அக்கா."

குமாஸ்தா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"அக்காவுக்குத்தான் வேலை கெடச்சுது" என்றாள் முப்பத்தேழு. பேச்சுக்கு நடுவே இருமினாள், காத்திருந்தாள், மறுபடி பேசினாள். "சேர்ந்த நாலாம் மாசமே வயித்துல குழந்த. அந்தப் பொடி வாடைக்கு வாந்தி வாந்தியா எடுத்தா. விட்டுட்டா அந்த எடம் போயிடும். அதான் அவ டோக்கன மாட்டிக்கிட்டு நான் போனேன். அப்ப எனக்குப் பதினாலு."

"யாரும் கேக்கலையா?"

"உள்ள எல்லாரும் மூக்கு வாய் கட்டிக்கிட்டுத்தான நிப்போம்? கண்ணு மட்டும்தான் தெரியும். மேஸ்திரிக்குத் தெரியும். டோக்கன் வந்தா சரி, மூஞ்சி எதுக்குன்னுட்டாரு. நாலு வருஷம் அப்படியே ஓடிப்போச்சு."

அப்படியானால் இவளுக்கு இப்போது இருபத்தைந்து. ஃபைலில் முப்பத்து மூன்று என்று இருக்கிறது. பார்த்தால் முப்பத்து மூன்று என்றே சொல்லலாம். அந்தப் பொடி அவள் முகத்திலிருந்து எட்டு வருஷத்தைத் தின்றிருந்தது. அதனால்தான் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

"ரெண்டு வருஷமா எங்கிட்ட ஏன்மா இத சொல்லல?" வக்கீலம்மாவின் குரல் உயர்ந்துவிட்டது.

"நீங்க கேக்கலையே மேடம்." அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனிகூட இல்லை. "ஃபாரத்துல 'டோக்கனில் உள்ளபடி பெயர்'னு இருந்துச்சு. டோக்கன்ல அக்கா பேருதான். அதான் எழுதுனேன். தப்பா?"

அந்த ஃபாரத்தைத் தயாரித்தது வக்கீலம்மா. அந்த வரியை எழுதியபோது, ஆலையின் வருகைப் பதிவேட்டோடு ஒரே நாளில் ஒப்பிட்டுவிடலாம் என்று தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டிருந்தாள். உன் பேர் என்ன என்று கேட்க ஒரு கட்டம் அதில் கிடையாது. மேஸ்திரி செய்ததையேதான் அவளும் செய்திருக்கிறாள். அவன் படிக்காதவன், இவள் படித்தவள், அவ்வளவுதான் வித்தியாசம்.

"மேடம்," குமாஸ்தா குரலைத் தாழ்த்தினார். "அறுநூறு பக்கத்துல ஒரு மங்கல் போட்டோ. அவங்க கண்ணுல பட்டிருக்கவே படாது. அக்கா தங்கச்சி ஒரே ஜாடை வேற. பேசாம விட்டுருவோம். முன்னூறு குடும்பம் மேடம்."

முன்னூறு குடும்பம் என்பது அவளுக்கு மட்டும் தெரியாதா? கைகூட நீட்டியாகிவிட்டது, அந்தப் பக்கத்தைக் கட்டுக்குள் தள்ளிவிடுவதற்கு. அவள் ஒரு நிமிஷம் நிஜமாகவே தள்ளிவிடத்தான் நினைத்தாள். ஆனால் தெரிந்தே ஒரு பொய்ப் பேரை வைத்து எப்படிச் சத்தியம் செய்யச் சொல்வது? மாட்டிக்கொண்டால் ஜெயிலுக்குப் போகப்போவது முப்பத்தேழு, வக்கீலம்மா அல்ல. தவிர, ஐஸ்கட்டி பார்க்காமல் ஒரு காகிதத்தைக் கட்டில் வைக்கிற ஆளும் இல்லை.

"உங்க அக்கா எங்க?"

"வெளிய பெஞ்சில. என்னக் கூட்டிட்டு வந்ததே அவதான்."

அக்கா மடியில் பையை வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வக்கீலம்மா பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் இறுகிவிட்டது.

"நீங்க வந்து சொன்னா மட்டும்தான் உங்க தங்கச்சி அங்க வேலை பாத்தது நிரூபணம் ஆகும். வேற சாட்சி இல்ல" என்றாள் வக்கீலம்மா.

"நான் இப்ப எங்க வேலை பாக்கறேன்னு தெரியுமா உங்களுக்கு? அதே மொதலாளியோட இன்னொரு யூனிட்டு. சொந்தப் பேர்ல சேர்ந்து, பேக்கிங்ல இருந்து சூப்பர்வைசர் வரைக்கும் வந்திருக்கேன். முந்தாநேத்து ஆபீஸ்ல கூப்பிட்டு, உன் பேர்ல யாரோ கேஸ் போட்டிருக்காங்களே, யாருன்னு கேட்டாங்க. நான் வாயே தொறக்கல."

ஆக, ஐஸ்கட்டிக்குத் தெரியும். கொஞ்சநஞ்ச சந்தேகமும் போயிற்று.

"இன்னிக்கி வாயத் தொறந்தா நாளைக்கி கேட்டுல நிறுத்திடுவான். புருஷனும் இல்ல. மூணு வயிறு என்ன நம்பி இருக்கு, அதுல அவ வயிறும் ஒண்ணு. அவ மருந்துக்கு யாரு குடுக்கறா, நீங்களா?" அக்கா மூச்சு வாங்கினாள். "உங்களுக்கு இந்த கேஸ் போனா இன்னொரு கேஸ் வரும் மேடம். எங்களுக்கு?"

வக்கீலம்மா எழுந்து அறைக்குத் திரும்பினாள்.

அறையில் முப்பத்தேழு எழுந்து நின்றிருந்தாள். "அக்கா வரமாட்டா, எனக்குத் தெரியும். அவளத் திட்டாதீங்க மேடம். நான் இப்ப என்ன சொல்லணும்?"

"உண்மையச் சொல்லுங்க. உங்க பேரச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி நான் எந்திரிச்சு, தப்பு என்னோடதுன்னு சொல்லிடறேன்."

"கேஸ் தோத்துருமா?"

"தோத்தாலும் தோத்துரும்" என்றாள் வக்கீலம்மா. பொய் சொல்ல வாய் வரவில்லை.

கோர்ட்டில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பின்வரிசை முழுக்க ஆலைத் தொழிலாளர்கள், இருமல் ஓயவேயில்லை. ஐஸ்கட்டி தன் மேஜையில் ஒரே ஒரு காகிதத்தைத் தனியாக எடுத்து, மஞ்சள் சீட்டு ஒட்டி, முன்னால் வைத்திருந்தார். அது எந்தப் பக்கம் என்று வக்கீலம்மாவுக்குப் பார்க்காமலேயே தெரிந்தது.

அவள் எழுந்தாள். "ஐயா, சாட்சி கூண்டேறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நாங்க தாக்கல் செஞ்ச மனுவில சாட்சியோட பேரும் வயசும் தப்பு. அவங்க வேலை பாத்தது அக்காவோட டோக்கன்ல. அப்ப வயசு பதினாலு. ஃபாரத்தத் தப்பா வடிவமைச்சது நான். சாட்சி எதையும் மறைக்கல, நான்தான் கேக்கல."

பின்வரிசையில் இருமல்கூட நின்றுபோனது. ஐஸ்கட்டி அந்த மஞ்சள் சீட்டுக் காகிதத்தை மெதுவாகக் குப்புறக் கவிழ்த்தார். அப்புறம் எழுந்தார்.

"பேரே பொய்யின்னா மிச்சத்த எதுக்கு ஐயா விசாரிக்கணும்? இந்த ஒரு சாட்சிய நம்பித்தான் மொத்த வழக்கும் நிக்குது. மொத்தத்தையும் தள்ளுபடி செய்யணும்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "சாட்சி முதல்ல ஏறட்டும்."

முப்பத்தேழு ஏறினாள். கோர்ட் எழுத்தர் வழக்கம்போல, தலையை நிமிர்த்தாமல், "பேர் சொல்லுங்க" என்றார்.

அவள் சொன்னாள். அம்மா அப்பா வைத்த பேர், டோக்கனில் இல்லாத பேர். இரண்டு வருஷம் மூன்று மாதம் கூடவே திரிந்த வக்கீலம்மா அந்தப் பேரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

"சரி" என்றார் நீதிபதி. "அந்த டோக்கன்ல வேலை பாத்தது இந்தப் பொண்ணுதான்னு காட்ட உங்ககிட்ட என்ன இருக்கு வக்கீலம்மா?"

"இப்போதைக்கு அவங்க வார்த்தை மட்டும்தான் ஐயா."

"அது போதாதே."

"போதாதுன்னு தெரியும் ஐயா."

நீதிபதி பேனாவை எடுத்தார். குமாஸ்தா கண்ணை மூடிக்கொண்டார். கூண்டில் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமலை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, உடம்பே குலுங்க இருமினாள். எழுத்தர் தண்ணீர் தேடினார். அகப்படவில்லை.

பின்னால் கதவு திறந்தது. பையிலிருந்து ஒரு பாட்டிலை உருவியபடியே ஒருத்தி நடுவழியில் வந்துகொண்டிருந்தாள். காவலர் குறுக்கே கையை நீட்டியதும் அந்த இடத்திலேயே நின்றாள்.

"யாரும்மா நீங்க?" என்றார் நீதிபதி.

அக்கா ஐஸ்கட்டியைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆலை ஆபீஸரைப் பார்த்தாள். அவன் இவளை அடையாளம் கண்டுகொண்டான் என்பது அவன் கழுத்தை நீட்டியதிலேயே தெரிந்தது. அவள் பாட்டிலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த டோக்கன் என்னோடது ஐயா. அவ நெஞ்சுல கெடக்குற பொடி என் நெஞ்சுல கெடக்க வேண்டியது. என் மகன் பொறந்த ஆஸ்பத்திரி சீட்டு பையில இருக்கு. அன்னிக்கி நான் வேலைக்கி வந்ததா இவங்க வருகைப் புத்தகத்துல இருக்கும், பாருங்க."

ஐஸ்கட்டி எழுந்தார், என்னவோ சொல்ல வந்தார், உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"முதல்ல அந்தப் பொண்ணுக்குத் தண்ணியக் குடுங்க" என்றார் நீதிபதி. பிறகு அக்காவைப் பார்த்து, "உங்க பேர்?" என்று கேட்டார்.

அவள் சொன்னது, வழக்கின் ஒவ்வொரு பக்கத்திலும் தங்கையின் பேராக அச்சடித்திருந்த பேர். எழுத்தர் அதை எழுதிக்கொண்டார்.