தம்பியின் ரத்தம்

"முன்னாடி எப்பவாவது இவருக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?" என்று ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டதும் கிரேன்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாரடைப்பில் அவர் தம்பியின் உயிர் போய் இன்னும் அரை மணி நேரம் ஆகவில்லை.

"இல்ல டாக்டர். ஊசின்னாலே பத்தடி தள்ளி ஓடுவாரு" என்றாள் தம்பி மனைவி.

ஓடவில்லை. போன வருஷம் அண்ணனுக்காகக் கையை நீட்டினான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருஷா வருஷம் பரிசோதனை உண்டு. சர்க்கரை ஏறியிருந்தால் கீழே இறக்கி வாசல் காவலுக்கு நிறுத்திவிடுவார்கள். இவருக்கோ சர்க்கரை தாறுமாறு. தம்பி ஈர்க்குச்சி மாதிரி இருப்பான், ஊதினால் பறந்துவிடுவான். "உனக்கு உயிரையே குடுப்பேன், ரெண்டு சொட்டு ரத்தமா பெருசு?" என்று சிரித்தபடி லேபில் அண்ணன் பெயரைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது.

தம்பி ரத்தத்தில் சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. கெட்ட கொழுப்புதான் இருநூற்று நாற்பது. "ரத்தக் குழாய்க்குள்ள கொஞ்சம் கொஞ்சமா படியும், வலியே தெரியாது. ஒரு நாள் அந்தப் படிவு வெடிச்சு ரத்தம் உறைஞ்சா, நெஞ்சு நின்னுடும். பரம்பரையாவும் வரும்" என்று சொல்லி மாத்திரை எழுதினார் கம்பெனி டாக்டர். இது தம்பியுடையது என்று வாய் திறந்தால் வேலை போய்விடும். அந்தக் குச்சி உடம்பில் ஏது கொழுப்பு, மிஷின்தான் தப்பாகக் காட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். தம்பியிடம் "எல்லாம் பாஸ்" என்றார். கம்பெனி கொடுத்த மாத்திரையை, யாருக்கும் சந்தேகம் வராமலிருக்க, சர்க்கரைக்கு என்று வீட்டில் சொல்லி, பதினோரு மாதமாகத் தினமும் இவரே விழுங்கினார். பல நாள் தண்ணீர் மொண்டு கொடுத்ததே தம்பிதான். நினைக்க நினைக்க அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"ரத்தத்துல இவ்வளவு கொழுப்புன்னு போன வருஷமே தெரிஞ்சிருந்தா மாத்திரையிலயே சமாளிச்சிருக்கலாம். கூடப் பொறந்தவங்களும் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி டாக்டர் நகர்ந்தார்.

இப்போதாவது சொல்லித் தொலைக்க வேண்டும். "இந்தாம்மா, உங்கிட்ட ஒண்ணு..." என்று தம்பி மனைவியிடம் தொடங்கினார்.

"நேத்துலேருந்து நீங்க மாத்திரையே போடல மாமா." அவள் குரலில் அழுகைகூட இல்லை. கிளம்பிய அவசரத்தில் கையில் அகப்பட்டதையெல்லாம் திணித்த பையைத் துழாவினாள். "நீங்களும் போயிட்டா எம்பிள்ளைங்களுக்கு யாரு இருக்கா?"

அட்டையைப் பிரித்து ஒரு மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அவர் விழுங்கும்வரை நகராமல் நின்றாள்.